ஏரி மேல் நின்ற வேகன்

"சிவப்புக் காப்பி டப்பா, வெர்ன். வேகன்ல கடைசி சீட்டைத் தூக்கினா அடியில ஒரு பள்ளம் இருக்குமே, அதுக்குள்ளதான் வச்சேன். அம்மாவோட வெள்ளி ப்ரூச் அதுலதான் இருக்கு" என்றாள் லொரெயின்.

சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கும் கறியும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த வெர்னன் ட்வைட், மனைவியின் குரல் வந்த தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எந்த வேகன்ல?" என்று கேட்டார்.

"நம்மகிட்ட எத்தனை வேகன் இருந்தது?"

ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு வருடம் இருந்தது. பத்தொன்பது அடி நீளம். இரண்டு பக்கமும் மரப்பலகை போலத் தெரியும்படி ஒட்டிய தாள். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, கடைசியில் பின்பக்கம் பார்த்தபடி இன்னொரு வரிசை. அதை நிறுத்துவதற்காகவே வெர்னன் கொட்டகையின் பின்சுவரை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டினார்.

"அதைக் கொண்டுபோய் ஏன் அங்க வச்சே?"

"நாலு வருஷம் முன்னாடி மலைப்பக்கம் போனோமே, அப்ப விடுதியில எவனாவது எடுத்துடப் போறான்னு ஒளிச்சு வச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. ஜூன்ல நம்ம கேரினுக்குக் கல்யாணம். அவ அதை நெஞ்சில குத்திக்கிட்டுத்தான் சர்ச்சுக்குள்ள நடக்கணும். எங்க பாட்டி குத்திக்கிட்டாங்க, அம்மா குத்திக்கிட்டாங்க, நான் குத்திக்கிட்டேன்."

"சரி."

"என்ன சரி? துலூத் டாக்டருக்கு போன் போட்டுக் கேளு. வண்டி அவர்கிட்டதானே இருக்கு?"

சிக்கல் இங்கேதான். துலூத்தில் அப்படி ஒரு டாக்டரே இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊராய்ப் போனபின், பெட்ரோல் விலையைப் பார்த்து வெர்னன் ஒரு சின்னஞ்சிறு கார் வாங்கினார். அதில் அவர் ஏறினால் முழங்கால் தாடையைத் தொடும். "எதை வேணா வாங்கு. ஆனா வேகனை மட்டும் எவன்கிட்டயாவது குடுத்து நாசம் பண்ணிடாதே" என்று லொரெயின் அன்றே சொல்லிவிட்டாள். வெர்னனும் தலையாட்டினார். அந்தச் சமயம் பார்த்து மீன்பிடிப்போர் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, பனிக்கட்டி மேல் வைக்க இந்த வருடம் வண்டி கிடைக்கவில்லை என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வெர்னன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் ஹுல்டா ஏரி நன்றாக இறுகியதும், ஓட்டை வண்டி ஒன்றை இழுத்துப் போய் அதன் நடுவில் நிறுத்துவோம். வசந்தத்தில் பனி இளகி, வண்டி என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்துக்கு உள்ளே போகும் என்று ஊரே சீட்டு எழுதிப் போடும். மார்ச் பதினைந்தோடு சீட்டு முடிந்துவிடும். மிக நெருக்கமாகச் சொன்னவருக்கு அரை மாடு, வெட்டிப் பொட்டலம் கட்டி.

லொரெயினிடம் மட்டும் வெர்னன் வேறு கதை சொன்னார். பழைய வண்டிகளைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற டாக்டர் ஒருவர் துலூத்திலிருந்து வந்து வாங்கிப் போனார், சூடேற்றிய கொட்டகையில் வைத்திருக்கிறார், வாரம் ஒரு முறை மெழுகு போட்டுத் துடைக்கிறார் என்று. சங்கத்துக்காரர்கள் என்ஜினைக் கழற்றிவிட்டு வேகனுக்குத் தலை முதல் கால் வரை மஞ்சள் அடித்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. ஊரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, "லொரெயின்கிட்ட மூச்சு விடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். யாரும் விடவில்லை. லொரெயின் ஏரிப்பக்கம் போகும்போதெல்லாம் அந்த மஞ்சள் வண்டியைப் பார்த்து, "யார் வீட்டு வண்டியோ, பாவம்" என்பாள். வெர்னன் உடனே வானத்தைப் பார்த்து மேகத்தைப் பற்றிப் பேசுவார்.

இப்போது மேகத்தைப் பற்றிப் பேச முடியாது.

"டாக்டர் இப்ப வீட்டுல இருக்க மாட்டார்" என்றார்.

"நம்பரைக் குடு. நானே பேசிக்கறேன்."

"வேணாம்! அவரு... அவரு இன்னைக்கு நம்ம ஊருக்குத்தான் வர்றாரு."

"எதுக்கு?"

"மீன் பிடிக்க."

"ஏப்ரல் மாசத்துலயா? ஐஸ் இளகற நேரத்துல?"

"பிடிக்க இல்லை. சும்மா ஏரியைப் பார்க்க."

"நம்ம வேகன்லயா வர்றாரு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பயந்துபோன மனிதனின் வாய் அவனுடைய பேச்சைக் கேட்பதில்லை.

"ஆமா" என்றார் வெர்னன்.

"அட! நல்லதாப் போச்சு. நாலரை மணி பஸ்ல ஃபார்கோவிலிருந்து வந்து இறங்கறேன். அவரை அதுவரைக்கும் பிடிச்சு வை. ஒரே ஒரு தடவை வண்டியைப் பார்த்துக்கறேன், டப்பாவையும் எடுத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வெர்ன், என்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே."

"நிச்சயமா?"

"இங்க வெயில் பரவாயில்லை. காத்துதான் கொஞ்சம்."

லொரெயின் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மணி ஒன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வெர்னன் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். டாக்டர் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சொல்லிவிடலாம். அவசரமாக ஒரு நோயாளி, குடல்வால், ஏதோ ஒன்று. ஆனால் டப்பா வேண்டும். டப்பா இல்லாவிட்டால் கேரின் வெறும் மார்போடு... ப்ரூச் இல்லாமல் சர்ச்சுக்குள் நடப்பாள். லொரெயின் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டாள். சாகும்வரை சொல்லாமலே இருப்பாள். அதை நினைத்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டது.

ஏரியை நினைத்தபோது முதுகோடு நிற்கவில்லை. ஏழு வயதில் அவர் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்திருக்கிறார். அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். அதற்கு முன் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தபோது மேலே எங்கும் வெள்ளை, எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியவில்லை. அந்த வெள்ளையை அவர் இன்னும் மறக்கவில்லை. ஐம்பத்தாறு வயதாகியும் நீச்சல் பழகவில்லை. குளியல் தொட்டியில்கூடக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிரப்ப மாட்டார். ஏரியிலிருந்து நூறு அடி தள்ளி வீடு, மீன்பிடிப்போர் சங்கத்தில் இருபது வருட உறுப்பினர், மீன் பிடிப்பது மட்டும் கரையில் நின்று. ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வண்டி நிற்பது கொப்பரை என்று நாங்கள் சொல்லும் இடத்தில். அங்கே முப்பது அடி ஆழம். வருடா வருடம் அங்கேதான் நிறுத்துவார்கள். இந்த வருடம் இழுத்துக்கொண்டு போன அன்று, பார்க்க மனமில்லாமல் வெர்னன் சளிக்காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

முதலில் ஆர்டிஸ் மோவனின் தூண்டில் கடைக்குப் போனார். போட்டியின் சீட்டுப்பெட்டியும் கடிகாரமும் அங்கேதான். வண்டியில் கட்டிய நீளக் கயிறு ஏரியைத் தாண்டி வந்து, கடையின் ஜன்னல் வழியே நுழைந்து, சுவர்க்கடிகாரத்தின் மின்செருகியில் முடியும். வண்டி உள்ளே போனால் கயிறு இழுக்கும், செருகி கழன்றுவிடும், கடிகாரம் நின்றுவிடும். பெட்டிச் சாவி ஆர்டிஸின் கழுத்தில். அவருக்கு எழுபத்து நான்கு வயது. வெர்னனுக்கு ஞாயிறு வகுப்பில் பைபிள் சொல்லிக்கொடுத்தவர்.

"கதவைச் சாத்து, வெர்னன். புழுவுக்குக் குளிர் ஆகாது" என்றார் ஆர்டிஸ்.

"கயிறு நல்லா இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு."

"வண்டி சாஞ்சு நிக்கற மாதிரி தெரியுதே."

"நேராத்தான் நிக்குது."

வெர்னன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஆர்டிஸ், இப்ப ஒருத்தன் அந்த வண்டியைத் தொட்டா என்ன ஆகும்?"

"மார்ச் பதினஞ்சுக்கு அப்புறம் யாரும் தொடக் கூடாது. ஆனா இந்த வருஷம் விதியில ஒரு வரி சேர்த்தோம். வண்டியைக் குடுத்தவங்க மட்டும் தொடலாம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே. யார் சேர்க்கச் சொன்னது?"

"ஒருத்தங்க வந்து கேட்டாங்க. நியாயமாத்தான் பட்டுது." ஆர்டிஸ் அவருக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றினார். வெர்னன் குடித்தார். இன்னொன்று ஊற்றினார். கால்கள் வெளியே போக மறுத்ததால் அதையும் குடித்தார். ஆர்டிஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு ஆகப் போகுது. போறதா இருந்தா போ, வெர்னன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்க வெர்னனுக்கு நேரமில்லை.

கரையில் கேலன் ருட் கால்சட்டைப் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், முப்பது வருடச் சிநேகிதர்.

"வண்டிகிட்ட போகணும்" என்றார் வெர்னன்.

"ம்."

"ஒரு டப்பா எடுக்கணும்."

"ம்." கேலன் ஏரியைப் பார்த்தார். "என்னோட அலுமினியப் படகை எடுத்துக்கோ. ஒரு காலை உள்ள வை, ஒரு காலால ஐஸைத் தள்ளு. உடைஞ்சா படகுக்குள்ள விழுந்துடு."

"ஐஸ் எப்படி இருக்கு?"

"அவ்வளவு மோசமில்லை."

எங்கள் ஊரில் போன வருடம் சூறாவளி வந்து கேலனின் களஞ்சியக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்கும் அவர் அதையேதான் சொன்னார்.

கரையோரம் பனி இளகித் தண்ணீர் தெரிந்தது. அதைத் தாண்டிப் படகை ஏற்றினார்கள். வெர்னன் ஒரு காலை உள்ளே வைத்து மறு காலால் தள்ளினார். சாம்பல் நிறப் பனிக்கட்டி சிணுங்கியது. பத்தடி போனதும் எங்கேயோ தூரத்தில் ஒரு சத்தம் கிளம்பி, ஏரியின் அடியில் ஓடி, அவருடைய பூட்ஸுக்குக் கீழே வந்து நின்றது. அவரும் நின்றார். அந்தச் சத்தம் போகட்டும் என்று காத்திருந்தார். போகவில்லை. மெல்லிய குரலில் ஜெபம் சொல்லிக்கொண்டே தள்ளினார். எங்கெல்லாம் பனி கறுத்திருந்ததோ அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் அந்தப் பழைய வெள்ளை தெரிந்தது. உடனே திறந்துகொண்டார்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் கரையில் கூட்டம். சர்ச் விருந்து முடிந்தவர்கள் மடக்கு நாற்காலிகளோடும் காப்பிக் குடுவைகளோடும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"வெர்ன்! என்னோடது இருபத்திரண்டாம் தேதி! பூ மாதிரி நடப்பா!" என்று ஒரு குரல்.

"அவன் பேச்சைக் கேக்காதே! நல்லா மிதிச்சு நட! என்னோடது நாளைக்குக் காலையில!" என்று இன்னொன்று.

"யாராவது அந்த ஆளைத் திரும்பி வரச் சொல்லுங்க!"

"எதுக்கு? என்னோடது இன்னைக்கு அஞ்சு மணி!"

பாஸ்டர் மட்டும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, "நான் எந்தப் பக்கமும் பேசலை, வெர்ன். உனக்காக ஜெபம் பண்றேன். என்னோடது மூணே கால்!" என்றார்.

வெர்னன் வண்டியை அடைந்தபோது சட்டை நனைந்திருந்தது. பின்கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அதன் கண்ணாடி இறங்கினால்தான் கதவு திறக்கும். கண்ணாடி பாட்டரியில் இறங்குவது. பாட்டரியை என்ஜினோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியில்லை, முன்கதவைத் திறந்து, மூன்று வரிசையையும் ஏறிக் கடந்து பின்னால் போக வேண்டும். வெர்னனின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.

மெதுவாக உள்ளே ஏறினார். வெளியேதான் மஞ்சள். உள்ளே அதே வாசனை. நாயும் பழைய ஆரஞ்சுத் தோலும் வெயிலில் காய்ந்த இருக்கையும் கலந்த வாசனை. முன்னிருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கேரின் பிறந்த மூன்றாம் நாள் அவளை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கு இருபது மைல் வேகத்தில் வீட்டுக்கு வந்தது வெர்னனுக்கு ஞாபகம் வந்தது. இல்லை, அது இதற்கு முந்தைய கார். இதில்தான் அவள் ஓட்டப் பழகினாள். பழகிய அன்று தபால்பெட்டியை இடித்தாள். இந்த வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. தபால்பெட்டியைத்தான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வரிசையைத் தாண்டினார். மூன்றாவது வரிசைக்கு மேல் வயிற்றை வைத்தபோது மாட்டிக்கொண்டார். கால்கள் முன்னால் ஆடின, தலை பின்னால் தொங்கியது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் பின்கண்ணாடியில் அவருடைய சிவந்த முகம் தலைகீழாகத் தெரிந்ததாம். ஒரு உந்து உந்தினார். மொத்தமாகப் பின்னால் போய் விழுந்தார்.

வண்டி முனகியது. முன்னால் என்ஜின் இல்லை. பின்னால் வெர்னன் வந்துவிட்டார். முன்பக்கம் மெல்ல எழுந்தது, பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது.

அவர் மூச்சை நிறுத்திக்கொண்டு இருக்கையைத் தூக்கினார். பள்ளத்துக்குள் கையை விட்டார். சிவப்புக் காப்பி டப்பா! ஆட்டிப் பார்த்தார். உள்ளே மெத்தென்று ஏதோ அசைந்தது. துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. மூடியைத் திருகினார், விறைத்த விரல்களுக்கு அசையவில்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற படகு தானாகவே வழுக்கிக்கொண்டு பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றது. பின்கதவின் விளிம்பு வழியே கறுத்த தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது.

வெர்னனால் அசைய முடியவில்லை. அசைந்தால் இன்னும் இறங்கும். அசையாவிட்டாலும் இறங்கும். பின்பக்கம் பார்த்த அந்த இருக்கையில், டப்பாவோடு, முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுபவர் அவர், எப்போதும் முன்னால் பார்த்துக்கொண்டே போனவர். பிள்ளைகள் மூன்று பேரும் இங்கே உட்கார்ந்து, போகிற ஊரைப் பார்க்காமல், விட்டுப்போகிற ஊரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் வரும் லாரிக்காரனைப் பார்த்துக் கையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டுவார்கள். அவன் ஹாரனை அலறவிட்டால் குதிப்பார்கள். "எத்தனை தூரம்பா?" என்று கேட்டே உயிரை எடுப்பார்கள். லொரெயின் முன்னாலிருந்தபடியே ஒரு கையால் பின்னால் ரொட்டி நீட்டுவாள். அது மூன்று வரிசை தாண்டி வந்து சேரும்போது பாதிதான் இருக்கும்.

இதைக் கொண்டுவந்து ஏரி மேல் வைத்தோமே என்று அவருக்கு அழுகை வந்தது. அரை மாட்டுக்காக, ஊரார் முகத்துக்காக. அதற்கும் மேலே ஒரு பொய். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அவர் வாழ்நாளில் அனுமதித்த எல்லையைத் தாண்டியது.

திறந்திருந்த முன்கதவைப் பார்த்துத் திரும்பிக் கத்தினார். கரை முழுக்கக் கேட்டது.

"லொரெயின்! நான் சொன்னது பொய்! துலூத்ல டாக்டரே இல்லை! மெழுகு இல்லை, கொட்டகை இல்லை! இது நம்ம வண்டி! என்னை மன்னிச்சுடு! கேரின்கிட்ட சொல்லு, ப்ரூச்சைக் கையிலயே பிடிச்சுக்கிட்டுத்தான் அப்பா போனார்னு சொல்லு!"

பனிக்கட்டி பெரிதாக வாய் திறந்தது. வேகன் உள்ளே போனது.

முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் கத்தியாக ஏறியது. வெர்னன் கண்ணை இறுக்க மூடினார். அந்த வெள்ளை வருவதற்காகக் காத்திருந்தார். தொம் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. தண்ணீரும் தொப்புளுக்கு மேலே நான்கு விரல் வந்து நின்றுவிட்டது. முப்பது அடிக்கு இது சீக்கிரமாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. செத்துப்போனால் இப்படித்தான் போலிருக்கிறது என்றும் தோன்றியது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தார். மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டையில் கேலன் ருட் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவருடைய இடுப்பளவு இருந்தது.

"முன்கதவு வழியா வா, வெர்ன். நடந்தே போயிடலாம்."

"இங்க முப்பது அடி ஆச்சே!"

"கொப்பரை அந்தப் பக்கம். இது மணல்திட்டு. இந்த வருஷம் இடத்தை மாத்திட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கேலன் யோசித்தார். "நீ கேக்கலையே."

கடைக்குள் அடுப்பருகே வெர்னனை உட்கார வைத்துக் கம்பளி போர்த்தினார்கள். அவருடைய பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சுவரில் கடிகாரம் இரண்டு முப்பத்தேழில் நின்றிருந்தது. ஊர் முழுவதும் உள்ளே நெருக்கியடித்து நின்றது. மூன்றே கால் போட்ட பாஸ்டருக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"டப்பா..." என்றார் வெர்னன்.

ஆர்டிஸ் மீன் அறுக்கும் கத்தியை நுழைத்து மூடியை நெம்பினார். உள்ளே ப்ரூச் இல்லை. ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது. தடித்த சாம்பல் நிறக் காலுறை, கடைச்சீட்டுகூடக் கிழிக்காத புத்தம் புதுசு. காய்ந்து கதகதப்பாக இருந்தது.

"ப்ரூச் எங்க?" என்று வெர்னன் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். கேலன் குனிந்து அவருடைய பூட்ஸைக் கழற்றி, நீலம் பூத்திருந்த கால்களில் அந்தக் காலுறையை மாட்டிவிட்டார். வெர்னனின் பாதம் ஊரிலேயே பெரியது, எந்தக் கடையிலும் எளிதில் அளவு கிடைக்காது. இது அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

ஆர்டிஸ் கழுத்திலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"ஏப்ரல் பத்து, ஞாயித்துக்கிழமை. ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். லொரெயின் ட்வைட்."

எல்லாரும் அளவாகக் கை தட்டினார்கள்.

"அரை மாடு! அதை அந்தத் துக்கடா கார்ல எப்படிக் கொண்டுபோவே?" என்றார் கேலன்.

"வேகன்னா முழு மாடே ஏறும்" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

வெர்னனுக்கு மாடு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மணி மூன்றரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் பஸ் வந்துவிடும். கம்பளியை இழுத்துக்கொண்டு எழுந்து நின்று, அத்தனை முகங்களையும் கெஞ்சலாகப் பார்த்தார்.

"நான் அங்க கத்தினதை எல்லாம் மறந்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவ அதிர்ஷ்டம், ஏதோ குருட்டாம்போக்குல ஜெயிச்சுட்டா, சந்தோஷம். ஆனா அது எங்க வண்டின்னு மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது."

ஆர்டிஸ் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரியாதா? 'வெர்னுக்கு நீச்சல் தெரியாது, வண்டியை மணல்திட்டு மேலயே நிறுத்துங்க'ன்னு ஜனவரியில இந்த இடத்துல நின்னு சொன்னதும், விதியில அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவதானே!"